விரதத்துக்காக நிறுத்திய சத்து மாத்திரை

நர்ஸ் பிள்ளைகளா, நீங்கள் நோயாளியிடம் எதையும் கேட்பதில்லை. தாளை நிரப்புகிறீர்கள், அவ்வளவுதான்.

சும்மா சொல்லவில்லை. போன மாதம் பக்கத்து வீட்டுக்காரருக்கு வயிற்றுப்போக்கு என்று நான்தான் வார்டுக்கு அழைத்து வந்தேன். உங்களில் ஒருத்தி வந்தாள். தலை நிமிரவில்லை. சுகர், பிரஷர், அலர்ஜி, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை என்று ஒரே மூச்சில் அடுக்கினாள். அவர் முதல் கேள்விக்கு வாயைத் திறக்கும்போது நான்காவது கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதி முடித்திருந்தாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்த பிறகு காப்பி வாங்கிக் கொடுத்தாள். காப்பி யாருக்கு வேண்டும்?

முப்பத்து நாலு வருஷம் தென்காசி வட்டாரத்து ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எனக்கு நயமாகப் பேச வராது. ஊசி போட வரும், கேள்வி கேட்க வரும். ஊசி போடுவது உங்களுக்கு என்னைவிட நன்றாகவே வருகிறது. இரண்டாவதைப் பற்றித்தான் உங்கள் ஆஸ்பத்திரி இதழுக்கு எழுதச் சொன்னார்கள், எழுதுகிறேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏதோ எல்லாம் தெரிந்து பிறந்தவள் என்று நினைப்பீர்கள்.

புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர் ஒருவர். கீழப்பாவூர்க்காரர். சர்க்கரை இருந்தது. கூடவே ஓயாத நெஞ்செரிச்சல், வாரத்துக்கு இரண்டு நாள் வயிறு கழியும், மாதம் தவறினாலும் சளிக் காய்ச்சல் தவறாது. எழுதப் படிக்கத் தெரியாது. டாக்டர் எழுதிய சர்க்கரை மாத்திரையைக் கவரில் போட்டு, மேலே நான் ஒரு சூரியன் படம் வரைந்து கொடுத்தேன். காலையில் சாப்பாட்டுக்கு முன்னால் என்று அர்த்தம். படம் வரைந்ததில் எனக்குப் பெருமை வேறு.

நாலாம் நாள் நினைவில்லாமல் தூக்கி வந்தார்கள். சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றி எழுப்பிவிட்டோம். ஏன் மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடவில்லை என்று அவர்மேல் பாய்ந்தேன்.

“நீங்க சூரியன்தான வரைஞ்சிய சிஸ்டர்? சூரியன் வரும்போதுதான நா படுக்கவே போவேன்” என்றார்.

ராத்திரி முழுக்க மூட்டை தூக்குகிற ஆள். விடியும்போது வீட்டுக்கு வந்து, நான் சொன்னபடியே சூரியனைப் பார்த்து மாத்திரையை முழுங்கிவிட்டு, மத்தியானம் மூன்று மணிவரை வெறும் வயிற்றோடு தூங்கியிருக்கிறார். அவருடைய காலை எப்போது என்று நான் கேட்கவே இல்லை. என் காலையை அவர் கவரில் வரைந்து கொடுத்தேன்.

அதற்கப்புறம் டாக்டர் மாத்திரையை அவர் எழுந்திரிக்கிற நேரத்துக்கு மாற்றினார். நான் அவரை உட்கார வைத்து ஒரு நாள் முழுக்க என்ன நடக்கிறது என்று மணிவாரியாகக் கேட்டேன். நடுராத்திரி இரண்டு மணிக்கு லாரி ஓரத்தில் நாலு பரோட்டா, சால்னா. அதுதான் அவருடைய பெரிய சாப்பாடு. குடலுக்கும் ஒரு நேரம் உண்டு, பிள்ளைகளா. அது பகலில் வாங்கி அரைத்துத் தள்ளும், இரவில் தன்னைத் தானே செப்பனிடும். செப்பனிடுகிற நேரத்தில் தினமும் பரோட்டாவைக் கொட்டினால் அது எப்போது ஆறும்? பெரிய சாப்பாட்டை வேலைக்குப் போகுமுன் சாயங்காலத்துக்குக் கொண்டுவந்தோம். இரவில் அவித்த பயறு, மோர். தூக்கம் எந்த நாளும் ஒரே நேரத்தில், ஜன்னலில் சாக்குக் கட்டி. சில மாதத்தில் எரிச்சல் நின்றது, கழிச்சல் நின்றது. சளி முழுக்கப் போகவில்லை, ஆனால் குறைந்தது. நான் அதற்கப்புறம் எந்தக் கவரிலும் சூரியன் வரையவில்லை. ‘எத்தனை மணிக்கு எந்திப்பிய?’ என்பதுதான் என் முதல் கேள்வி.

இனி செண்பகம் கதை. இதற்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

செண்பகம் இலஞ்சிக்காரி. நாற்பத்தைந்து வயது இருக்கும். சீசன் காலத்தில் குற்றாலத்தில் மங்குஸ்தான், ரம்புட்டான் விற்பாள். மற்ற நாளில் வயல் வேலை. வீட்டுக்காரர் சுடலைமுத்து, லோடு ஆட்டோவில் தேங்காய் ஏற்றி ஓட்டுகிறவர். கந்த சஷ்டி ஆறாம் நாள், சூரசம்ஹாரத்தன்று காலை பத்து மணிக்கு அந்த லோடு ஆட்டோவிலேயே அவளைக் கிடத்திக் கொண்டுவந்தார். இரண்டு நாளாக வாந்தி. தாங்க முடியாத வயிற்று வலி. எழுந்து நின்றால் விழுந்துவிடுகிறாள். ரத்த அழுத்தம் மேல் அளவு எழுபதுதான் இருந்தது.

டியூட்டி டாக்டர் சின்னப் பெண். படித்து முடித்து இரண்டு வருஷம்கூட ஆகியிருக்காது. விரதத்தில் நீர் வற்றிவிட்டது என்று இரண்டு பாட்டில் சலைன் வேகமாக ஏற்றினாள். அது சரியான முடிவுதான். ஆனால் அழுத்தம் ஏறவில்லை. சர்க்கரை இறங்கியிருந்தது, குளுக்கோஸ் கொடுத்தால் ஏறும், அரை மணியில் மறுபடி இறங்கும். வயிறு பலகை மாதிரி இறுகிக்கொண்டு வந்தது. சர்ஜனைக் கூப்பிட்டாள்.

சர்ஜன் கெட்டிக்காரர், கோபக்காரர், என்னைப் போலவே. வயிற்றில் கை வைத்தார். குடலில் ஓட்டை விழுந்திருக்கிறது என்றார். எக்ஸ்ரேயில் குடலுக்கு வெளியே கசிந்த காற்று தெரியவில்லையே என்று டியூட்டி டாக்டர் மெதுவாகச் சொன்னாள். எல்லா ஓட்டையும் படத்துக்கு முகம் காட்டாது என்று அவளை அடக்கிவிட்டு, தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னார். சுடலைமுத்து கையெழுத்துப் போட்டார். அவருக்கு எங்கே என்று காட்டி விரலைப் பிடித்து வைக்க வேண்டியிருந்தது.

அவளுக்குத் தியேட்டர் கவுன் மாட்டுவது என் வேலை. மாட்டும்போதுதான் பார்த்தேன். கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை எடுத்தால் தோலும் கூடவே வந்தது. வெங்காயச் சருகு மாதிரித் தோல். முன்கை முழுக்க ஊதா நிறக் கன்றல்கள். கால் குச்சி, கை குச்சி, ஆனால் முகம் வட்டமாக உப்பியிருக்கிறது. ஆறு நாள் பட்டினி கிடந்தவளுக்கு முகம் அப்படி இருக்காது. பிடரியில் ஒரு மேடு. அடிவயிற்றில் அகல அகலமாகச் சிவந்த கோடுகள். நாக்கில் வெள்ளை படிந்திருந்தது, துடைத்தால் போகவில்லை.

என் கைக்குத் தெரிந்துவிட்டது. வாய்க்கு வர ஒரு நிமிஷம் ஆனது.

கேஸ் ஷீட்டைப் பார்த்தேன். வழக்கமாகச் சாப்பிடும் மருந்து, ‘இல்லை’. உங்களைப் போல ஒருத்திதான் எழுதியிருந்தாள். அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவள் கேட்டாள், செண்பகம் இல்லை என்றாள். பொய்யும் சொல்லவில்லை. கேள்விதான் தப்பு.

நான் குனிந்து வேறு மாதிரிக் கேட்டேன். “ஏட்டி செண்பகம், விரதத்துக்கு என்னெல்லாம் நிப்பாட்டின?”

கண்ணைத் திறக்காமலே சொன்னாள். “சோறு, கொழம்பு... காப்பி... வெத்தல. சத்து மாத்திர.”

“என்ன சத்து மாத்திர?”

“வெள்ளையா, சின்னதா. காலையில ஒண்ணு. மூணு வருசமா திங்கேன் சிஸ்டர். கை கால் வலியே தெரியாது, நல்லாப் பசிக்கும். சத்துதான, அதுவும் சாப்பாடுதானன்னு நிப்பாட்டிட்டேன். மருந்துன்னா நிப்பாட்டியிருக்க மாட்டேன்.”

புரிகிறதா? மருந்து என்று தெரிந்திருந்தால் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு விழுங்கியிருப்பாள். சாப்பாடு என்று சொல்லிக் கொடுத்ததால், சோற்றோடு சேர்த்து அதையும் விட்டிருக்கிறாள். அவள் பக்தியில் குறையில்லை. கணக்காகத்தான் விரதம் இருந்திருக்கிறாள்.

அது சத்து மாத்திரை இல்லை, ஸ்டீராய்டு. சிறுநீரகத்துக்கு மேலே குல்லா மாதிரி இரண்டு சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. விடியுமுன் அவை ஒரு ஹார்மோனை ஊற்றி உடம்பை எழுப்பும், பகல் போகப் போகக் குறைக்கும். ரத்த அழுத்தம், சர்க்கரை, உப்பு, குடலின் ஓட்டம், நோயை எதிர்க்கிற வேகம் எல்லாம் அதன் சொல்லைக் கேட்கும். அதே சரக்கை வெளியிலிருந்து வருஷக் கணக்கில் கொட்டினால் சுரப்பி தூங்கிவிடும். எதிர்ப்புச் சக்தியும் மழுங்கும். நாக்கில் வெள்ளை வந்தது அதனால்தான். ஒரே நாளில் நிறுத்தினால் வெளியிலிருந்தும் வராது, உள்ளே இருப்பதும் எழுந்திருக்காது. கூடவே பட்டினி. வாந்தி வரும், வயிறு இறுகும், அழுத்தம் விழும். பார்க்கிறவனுக்குக் குடல் ஓட்டை மாதிரியே இருக்கும். அந்த உடம்பை மயக்கி வயிற்றைக் கிழித்தால் மேசையிலேயே போய்விடும்.

சுடலைமுத்துவைப் பொட்டலத்தை எடுத்துவர ஓடச் சொன்னேன். இலஞ்சி பக்கம்தான். ஆனால் அன்று கோயில் கூட்டம். ஆட்டோ எப்போது திரும்பும் என்று தெரியாது. தியேட்டரில் எல்லாம் தயார். சர்ஜன் கை கழுவப் போய்விட்டார். நான் கதவில் போய் நின்றேன்.

“சார், வயித்த இப்பத் தொறக்காதீங்க. இது ஸ்டீராய்ட நிப்பாட்டின கேஸ்.”

அவர் திரும்பிப் பார்த்தார். எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டார். தோல், முகம், கோடுகள், அவள் சொன்னது என்று எல்லாம் சொன்னேன். பொட்டலம் எங்கே என்றார். வந்துகொண்டிருக்கிறது என்றேன்.

“வராத பொட்டலத்துக்காக நான் காத்திருக்கவா? நீங்க சொல்றது தப்பா இருந்து உள்ள குடல் ஓட்டையா இருந்தா யார் சிஸ்டர் பதில் சொல்றது?”

பிள்ளைகளா, இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். அவர் கேட்டது நியாயமான கேள்வி. எனக்கும் முழு நிச்சயம் இல்லை. நான் அங்கே ‘எனக்குத் தெரியும்’ என்று கத்தியிருந்தால் அவர் என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போயிருப்பார், போகவும் வேண்டும். நெருக்கடியில் நாம் சொல்வதுதான் சரி என்று நிரூபிக்க நேரம் கிடையாது. இரண்டு பக்கமும் பொருந்துகிற ஒரு காரியம் இருக்கிறதா என்று தேட வேண்டும். இருந்தது.

“ஒரு ஊசி போட்டுட்டுப் போங்க சார். ஹைட்ரோகார்ட்டிசோன். நா சொல்லுதது தப்புன்னா, மூணு வருசம் ஸ்டீராய்டு தின்ன உடம்புக்கு ஆபரேசனுக்கு முன்னால அது எப்படியும் வேணும். சரின்னா, ஆபரேசனே வேண்டாம். ரெண்டுலயும் நட்டமில்ல.”

அப்போதுதான் அந்தச் சின்ன டாக்டர் பின்னாலிருந்து வந்தாள். கையில் லேப் தாள். தாளைப் பார்த்தபடியே சொல்லிவிட்டாள். ரத்தத்தில் சோடியம் இறங்கியிருக்கிறது, பொட்டாசியம் கூடியிருக்கிறது, சிஸ்டர் சொல்வதோடு பொருந்துகிறது என்று. ஒரு தடவை அடங்கிப்போனவள் இரண்டாம் தடவை வாயைத் திறந்தாள் பாருங்கள், அதுதான் படிப்பு.

சர்ஜன் கடிகாரத்தைப் பார்த்தார். “போடுங்க. ஒரு மணி நேரம். மேசை அப்படியே இருக்கட்டும்” என்றார்.

டாக்டர் எழுதினாள், நான் போட்டேன். சலைனும் குளுக்கோஸும் ஓடின. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அழுத்தம் பார்த்தேன். எழுபது. எழுபத்திரண்டு. எழுபது. சர்ஜன் கட்டிலைவிட்டு நகரவில்லை. இரண்டு தடவை வயிற்றை அழுத்திப் பார்த்தார், இரண்டு தடவையும் அவள் முனகினாள். நாற்பதாவது நிமிஷம் எண்பத்தாறு. நான் நம்பாமல் மறு கையில் பார்த்தேன். எண்பத்தெட்டு. ஐம்பதாவது நிமிஷம் தொண்ணூற்றாறு.

சர்ஜன் மறுபடி வயிற்றில் கை வைத்தார். பலகை இளகிவிட்டது. மாவு மாதிரி அமுங்கியது. கண்ணைத் திறந்த செண்பகம் சுற்றிலும் நின்ற எங்களைப் பார்த்து முதலில் சொன்ன வார்த்தை “பசிக்கி.”

சுடலைமுத்து அப்போதுதான் ஓடிவந்தார், சட்டையெல்லாம் விபூதி. கூட்டத்தில் ஆட்டோவை விட்டுவிட்டு ஓடியே வந்திருக்கிறார். கையில் பேப்பர் பொட்டலம். உள்ளே அட்டையில்லாமல் உதிரியாக வெள்ளை மாத்திரைகள். பேர் இல்லை, கடை பேரும் இல்லை. எங்கள் மருந்தாளுநர் இப்படிப் பொட்டலங்கள் நிறையப் பார்த்தவர், ஒன்றை எடுத்துப் பார்த்த உடனே ஸ்டீராய்டுதான் என்று சொல்லிவிட்டார்.

சர்ஜன் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றினார். “சிஸ்டர், தியேட்டர மூடச் சொல்லுங்க” என்றார். பிறகு வார்டு முழுக்கக் கேட்கும்படி, அந்தச் சின்ன டாக்டரைப் பார்த்து, “நான் அடக்கினா நீங்க ஏன் அடங்குதீங்க? இனிமே அடங்காதீங்க” என்றார். கேஸ் ஷீட்டில் தன் கையாலேயே, வார்டு சிஸ்டர் கவனித்துச் சொன்னதால் அறுவை சிகிச்சை தவிர்க்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு எத்தனையோ சால்வை போர்த்தியிருக்கிறார்கள். ஒன்றையும் வைத்துக்கொள்ளவில்லை. அந்த வரி மட்டும் மனப்பாடம்.

சாயங்காலம் கஞ்சி கொடுத்தேன். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“அங்கன சூரன் சாயுதான், நா இங்கன கஞ்சி குடிக்கேன். முருகன் கோவிச்சுக்கிடுவாரா சிஸ்டர்?”

“கத்திய எடுத்துக்கிட்டு வந்த மனுசன வாசல்ல நிப்பாட்டினதே அவருதான். பேசாமக் குடி” என்றேன். பக்கத்துக் கட்டில்காரிகள் சிரித்தார்கள். சர்ஜனும் கேட்டுக்கொண்டுதான் போனார்.

அவளைத் திருநெல்வேலிக்கு அனுப்பி, பெரிய டாக்டர் மேற்பார்வையில் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். ஒரு வருஷத்துக்கும் மேல் ஆனது. மூட்டு வலிக்கு முறையான வைத்தியம் பார்த்தார்கள். சுரப்பி மெல்ல விழித்தது. முகத்து வட்டம் கரைந்தது. நாக்கு சுத்தமானது, கீறல் பட்டால் ஆறியது. அடுத்த சஷ்டிக்கு டாக்டரைக் கேட்டு, மாத்திரையை விடாமல், காலையும் மாலையும் ஆகாரம் எடுத்துக்கொண்டு விரதம் இருந்தாள். அதுவும் விரதம்தான், முருகன் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வார்டுச் சேர்க்கைத் தாளில் மூன்று கேள்விகள் கூடின. எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள், இந்த மாதம் எதை நிறுத்தினீர்கள். அந்த மூன்று கேள்விகளால் அதற்கப்புறம் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று நான் எண்ணவில்லை. ஆனால் ஒவ்வொரு சஷ்டிக்கும், ஒவ்வொரு நோன்புக்கும் யாராவது ஒருவரைப் பிடித்தோம்.

பொட்டலம் கொடுத்த ஆளையும் பிடிக்கப் போனோம். செண்பகம்தான் சொன்னாள், தென்காசியில் மருந்துக் கடை வைத்திருக்கிறவர். நானே போய்க் கேட்டேன். “அது வெறும் கால்சியம், சிஸ்டர்” என்றார், சிரித்துக்கொண்டே. புகார் கொடுத்தோம். கடையைச் சோதிக்க வந்தவர்கள் கையில் அந்த மாத்திரை டப்பா சிக்கவில்லை. எங்கள் பொட்டலத்தில் கடை பேர் இல்லை. அத்தோடு போயிற்று. எனக்கு ஆறவில்லை.

இந்த வருஷம் தென்காசியில் ஒரு மண்டபத்தில் குடல் நலம், எதிர்ப்புச் சக்தி என்று ஒரு கூட்டம். மேடையில் அவர். மாலை போட்டிருந்தார்கள். இப்போது எதிர்ப்புச் சக்திப் பொடி விற்கிறார், டப்பாவில் பளபளவென்று பேர் போட்டு. குடல்தான் உடம்புக்குக் கோட்டை என்று மைக்கில் முழங்கினார். நான் எழுந்திரிக்கப் போனேன். என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டுச் செண்பகம் எழுந்தாள். மைக் இல்லை. குற்றாலத்தில் அருவிச் சத்தத்துக்கு மேலே பழம் கூவி விற்ற தொண்டை, மைக் எதற்கு?

“அண்ணாச்சி, பொடி இருக்கட்டும். மூணு வருசம் எனக்குப் பொட்டலம் கட்டிக் குடுத்தியளே, அது என்ன மாத்திர? அதச் சொல்லிட்டுப் பொறவு பேசுங்க.”

கேள்விக்கு நேரமில்லை என்று அவர் சொன்னார். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, “எனக்கும் சொல்லுங்க” என்றாள். அப்புறம் ஒரு பெரியவர். அப்புறம் அங்கங்கே ஆட்கள் எழுந்தார்கள். கைப்பையிலிருந்து பேப்பர் பொட்டலத்தை எடுத்து உயர்த்தியவர்களும் உண்டு. அவர் மாலையோடு பின் வாசல் வழியாகப் போய்விட்டார். எல்லாரையும் நாங்கள் அங்கேயே உட்கார வைத்து, மாத்திரையை இன்று கோபத்தில் நிறுத்திவிடாதீர்கள், நாளைக்கே பொட்டலத்தோடு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லித்தான் அனுப்பினோம். வந்தார்கள். மறுநாள் வெளிநோயாளிப் பிரிவில் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. நீங்கள்தான் பார்த்தீர்கள்.

ஆனால் மண்டபத்துக்கு வராதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு அலமாரியில் இன்னும் பொட்டலம் இருக்கிறது. அதில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. கடையில் நின்று கட்டிக் கொடுத்தவருக்குத்தான் தெரியும்.

ஆகவே, கடைக்கார ஐயா, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்படி நானே கொண்டுவந்து தருவேன். அதே மண்டபத்துக்கு வாருங்கள். அதே மைக்கைப் பிடியுங்கள். அந்த மாத்திரை என்ன, என்ன அளவு, யார் யாருக்கு எத்தனை வருஷம் கொடுத்தீர்கள் என்று ஊர் கேட்கச் சொல்லுங்கள். அவர்களில் ஒருவர் இன்னொரு விரதத்தில் அதை நிறுத்துவதற்கு முன்னால் சொல்லுங்கள்.